ரப்பர் பாலும் ரத்தக் கொழுப்பும்... இடையில் ஒரு சுண்டெலி!

பேச்சிப்பாறையில் பொழுது விடிய இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் ஆட்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். மரத்துக்கு மரம் நிற்கிறார்கள். முந்தின வெட்டில் காய்ந்துபோன ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, பட்டையில் சாய்வாக ஒரு கீறல். சிரட்டையை நிமிர்த்தி வைத்தால் வெள்ளையாக ஒழுகி இறங்குகிறது பால். வெயில் ஏறிவிட்டால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும். அதனால்தான் இந்த இருட்டு வேலை.

இப்படிப் பால் வெட்டுகிற ஒருவர், குலசேகரத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு ‘லிப்பிட் புரொஃபைல்’ தாளோடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்.டி.எல். என்ற வரியில் எண் எக்கச்சக்கம். டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் எழுதித் தந்திருக்கிறார். அடுத்து என்ன நடக்கும் என்பது டீக்கடைக்குத் தெரியும்.

“அண்ணே, டாக்டர் மாத்திர தந்திருக்காரு. நிறுத்தாம போடணுமாம்.”

“எனக்க பாட்டா தொண்ணூறு வயசு வரைக்கும் தேங்காயெண்ணெயும் மீங்கறியும் மரச்சீனியுந்தான் தின்னாரு. அவருக்கு ஒண்ணும் வரல்ல. மாத்திரயத் தூரப் போடு மக்களே.”

பாட்டா கதை உண்மையாகவே இருக்கலாம். தேங்காயெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அது எல்.டி.எல்.லை ஏற்றும் என்பதும் உண்மை. ஆனால், ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு தட்டில் இருந்து வருவதில்லை. உடம்பே அதைத் தயாரிக்கிறது. எவ்வளவு தயாரிக்க வேண்டும், எவ்வளவை ரத்தத்தில் இருந்து திரும்ப எடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பவை சில புரதங்கள். பாட்டாவுக்கு அந்தப் புரதங்கள் ஒழுங்காக வேலை செய்திருக்கும். பேரனுக்கும் அப்படியே என்று சொல்ல முடியாது.

அந்தப் புரதங்களைக் கண்ணால் பார்த்தவர் யார்? பார்க்கவே முடியாத அளவு சிறியவை ஆயிற்றே. அவற்றைப் பிடித்துக் காட்டிய கருவியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். கோவிட் காலத்தில் “ஆன்டிபாடி வந்துருச்சா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோமே, அதேதான். தமிழில் எதிர்ப்பொருள்.

மரமும் கல்லீரலும் பங்காளிகள்

முதலில் ஒரு வேடிக்கை. சிரட்டையில் விழும் ரப்பரும், மனிதக் கல்லீரல் செய்யும் கொலஸ்ட்ராலும் ஒரே செங்கல்லால் கட்டப்பட்டவை. 5 கார்பன் அணுக்கள் கொண்ட ஐசோபிரீன் என்ற சின்னத் துண்டுதான் அந்தச் செங்கல். மரம் அதை ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்துக்கொண்டே போகும், அது ரப்பர். கல்லீரல் ஆறே ஆறு செங்கல்லோடு நிறுத்தி, 30 கார்பன் கொண்ட ஸ்குவாலீன் என்ற பொருளைச் செய்யும். பிறகு அதை மடித்து, வளையங்களாக்கி, ஓரம் வெட்டினால் 27 கார்பன் கொண்ட கொலஸ்ட்ரால். இதே மாவட்டத்தின் தூத்தூர் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலில் பிடிக்கும் சுறாவின் ஈரலெண்ணெயில் இந்த ஸ்குவாலீன் ஏராளமாக இருக்கும். மலையோரத்து ரப்பரும் கடலோரத்துச் சுறாவும் வேதியியல்படி உறவுக்காரர்கள்!

செங்கல் செய்யும் பட்டறையில் முக்கியமான ஒரு நொதி இருக்கிறது. எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்று வாயில் நுழையாத பெயர். இங்கே ரிடக்டேஸ் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். ரப்பர் மரத்திலும் இது உண்டு, மனிதனிலும் உண்டு. அச்சு அசலாக ஒன்றல்ல என்றாலும் ஒரே வம்சம்.

இந்த நொதியை மடக்கும் பொருளைத் தேடிப் பிடித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. சான்கியோ மருந்து நிறுவனத்தில் சுமார் 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்து, அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையில் இருந்து 1973-ல் ‘காம்பாக்டின்’ என்ற பொருளைக் கண்டுபிடித்தார். ஸ்டாட்டின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுதான். 1987-ல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்று மாத்திரையாக வந்தது. டீக்கடையில் தூரப் போடச் சொன்ன அட்டோர்வாஸ்டாட்டின் அதன் தம்பி.

பாம்புக்கடி மருந்தும் இதுவும் ஒரே வித்தை

ஆன்டிபாடி என்ன செய்யும் என்பதை ரப்பர் தோட்டத்து ஆட்களுக்குப் புரியவைப்பது எளிது. இருட்டில் சருகுக்குள் கால் வைப்பவர்கள் அவர்கள். பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரியில் ஏற்றும் விஷமுறிவு மருந்து என்பதே ஆன்டிபாடிதான். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுக்கிறார்கள். மருந்து நிறுவனங்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்துகின்றன. ‘இது வேற்று ஆள்’ என்று குதிரையின் உடம்பு கண்டுகொண்டு, அந்த விஷத்தைக் கவ்விப்பிடிக்கும் ஆன்டிபாடிகளைச் செய்கிறது. குதிரையின் ரத்தத்தில் இருந்து அவற்றைப் பிரித்தால் மருந்து.

இதில் கவனிக்க வேண்டியது, கவ்வுவதில் உள்ள கறார். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையோரத் தோட்டங்களில் மூக்கு தூக்கிய ஒரு சின்னக் குழிவிரியன் உண்டு. அதன் விஷத்துக்கு இந்த மருந்து சரியாகக் கேட்பதில்லை. அந்த விஷத்தின் முகத்தைக் குதிரை பார்த்ததே இல்லையே!

ஆய்வுக்கூடத்தில் குதிரைக்குப் பதில் முயல் அல்லது சுண்டெலி. விஷத்துக்குப் பதில், தேட வேண்டிய புரதம். சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப ஊசி போட்டு, ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கிடைத்த ஆன்டிபாடியில் ஒளிரும் அடையாளம் ஒன்றை ஒட்டிவிட்டால், ஆயிரக்கணக்கான புரதங்கள் குழைந்து கிடக்கும் செல்லின் சாறில் அது தனக்குரிய புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். எங்கே ஒளிர்கிறதோ, அங்கே அது இருக்கிறது. புரதங்களை முதலில் ஒரு ஜெல்லில் ஓடவிட்டு அளவுவாரியாகப் பிரித்திருந்தால், ஆளின் உயரம்கூடத் தெரிந்துவிடும்.

சொல்ல எளிதாக இருக்கிறது. கொழுப்பைக் கட்டுப்படுத்தும் புரதங்களில் இது லேசில் நடக்காது. முதல் சிக்கல், இந்தப் புரதங்களில் பல செல்லின் கொழுப்புச் சவ்வுக்குள் புதைந்து கிடப்பவை. பிடுங்கினால் உருக்குலையும்; அளவிலும் மிகக் குறைவு. அடுத்த சிக்கல்தான் சுவாரசியமானது. கொலஸ்ட்ரால் இல்லாமல் எந்த விலங்கின் செல்லும் வாழ முடியாது. அதனால் இந்தப் புரதங்கள் மனிதனுக்கும் முயலுக்கும் எலிக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. மனிதப் புரதத்தை ஊசியில் போட்டால், ‘நம்ம வீட்டு ஆள்தானே’ என்று முயலின் உடம்பு சும்மா இருந்துவிடும். அப்போது வேறு வழி தேட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசப்படும் ஒரு சின்னத் துண்டை மட்டும் செயற்கையாகச் செய்து போடுவார்கள். அல்லது அந்தப் புரதத்துக்கான மரபணுவையே நீக்கிய எலியைப் பயன்படுத்துவார்கள். அந்த எலிக்கு அது புது முகம். உறவில் இன்னும் தூரமான கோழிக்குப் போடுவதும் உண்டு. கோழி அந்த ஆன்டிபாடியை முட்டையின் மஞ்சள் கருவில் சேர்த்துவைக்கும். கொலஸ்ட்ராலுக்குப் பயந்து பலர் ஒதுக்கிவைக்கும் அதே மஞ்சள் கரு!

முயலின் ரத்தத்தில் கிடைப்பது பல ஆன்டிபாடிகளின் கலவை. அந்த முயல் செத்தால் அந்தக் கலவையும் தீர்ந்தது. அடுத்த முயல் வேறு மாதிரி செய்யும். இதற்கு விடிவு 1975-ல் வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும், ஆன்டிபாடி செய்யும் எலி செல்லைச் சாகாமல் பெருகும் புற்றுநோய் செல்லோடு இணைத்தார்கள். ஒரே வகை ஆன்டிபாடியை முடிவில்லாமல் சுரக்கும் செல் பிறந்தது. உறைய வைத்துப் பத்திரப்படுத்தி, வேண்டும்போது எழுப்பிக்கொள்ளலாம். 1984-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

டல்லஸில் ஒரு சுண்டெலி

அந்த வித்தையைக் கொலஸ்ட்ரால் பக்கம் கொண்டுவந்தது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், டல்லஸ் நகரின் மருத்துவ ஆய்வுக்கூடம். மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு டாக்டர்கள், பாஸ்டன் ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவர்களாக இருந்த காலத்தில் இருந்தே நண்பர்கள். அதன் பிறகு கோல்ட்ஸ்டீன் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்தபோது பார்த்த குழந்தைகள்தான் அவர்களைத் தூங்கவிடவில்லை. பள்ளிக்கூடம் போகும் வயதில் மாரடைப்பு. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மற்றவர்களைப்போல் பல மடங்கு. பரம்பரையாக வரும் இந்த நோயில் அப்பாவிடம் இருந்து ஒன்று, அம்மாவிடம் இருந்து ஒன்று என இரண்டு மரபணுவும் பழுதாக வாங்கிய பிள்ளைகள் அவர்கள்.

1970-களின் தொடக்கத்தில், இத்தகைய நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்து அவர்கள் கண்டுபிடித்தது இது: செல்லின் வெளிச்சுவரில் எல்.டி.எல். உருண்டைகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி என்ற புரதம் இருக்கிறது; இந்தப் பிள்ளைகளின் செல்களால் எல்.டி.எல்.லைப் பிடிக்க முடியவில்லை. வாங்க ஆளில்லாத சரக்கு ரத்தத்திலேயே தேங்கி, குழாய்ச் சுவரில் படிகிறது.

ஆனால், ஏன் பிடிக்க முடியவில்லை? ஏற்பியே இல்லையா, இருந்தும் ஊனமா? எல்.டி.எல். ஒட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரை இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஒட்டவில்லை என்றால் ‘இல்லை’ என்றுதான் எழுதிவைக்க முடியும்.

1981-ல் அதே ஆய்வுக்கூடத்தில் உல்ரிக்க பைசீகல் என்ற ஜெர்மன் பெண் விஞ்ஞானியும் சகாக்களும் சுண்டெலிக்கு ஊசி போட்டார்கள். ஊசியில் இருந்தது மாட்டின் அட்ரினல் சுரப்பியில் இருந்து பிரித்த ஏற்பி. அட்ரினல் ஏன்? ஹார்மோன் செய்ய அந்தச் சுரப்பிக்குக் கொலஸ்ட்ரால் நிறைய தேவை; அதனால் ஏற்பியும் அங்கே நிறைய. கிடைத்த ஆன்டிபாடிக்கு சி7 என்று பெயர். அது மனித ஏற்பியையும் பிடித்தது.

சி7 வந்ததும் ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல் உடைந்தது. சரியான செல்லில் இந்த ஏற்பி சுமார் 1,20,000 என்ற அளவில் பிறந்து, சர்க்கரை ஒட்டி முதிர்ந்து 1,60,000 என்ற அளவுக்கு வருகிறது. சில நோயாளிகளுக்கு ஏற்பி பிறக்கவே இல்லை. சிலருக்குப் பிறக்கிறது, முதிராமல் செல்லுக்கு உள்ளேயே முடங்கிக் கிடக்கிறது. வேறு சிலருக்கு வாசல்வரை வந்துவிடுகிறது, எல்.டி.எல்.லைப் பிடிக்கத் தெரியவில்லை. இன்னும் சிலருக்குப் பிடிக்கவும் தெரிகிறது, உள்ளே இழுக்கத் தெரியவில்லை. வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நோய். உள்ளே நான்கு விதமான பழுது. ஜப்பானின் கோபேயில் வட்டனாபே என்ற விஞ்ஞானி 1973-ல் கண்டெடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஒரு முயல் வகைக்கும் கொலஸ்ட்ரால் தாறுமாறாக இருந்தது. பார்த்தால் அதற்கும் இதே கதை. ஏற்பி முதிராமல் உள்ளே முடங்கியிருந்தது.

1985-ல் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் நோபல் பரிசு வாங்கினார்கள். சுண்டெலியின் பங்கைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

தூக்கிப்போட்ட துண்டு

ரப்பர் மரத்திலும் கல்லீரலிலும் இருக்கும் ரிடக்டேஸுக்கு வருவோம். இதன் கதை இன்னும் ருசியானது. அந்த நொதியைக் கல்லீரலில் இருந்து பிரித்தெடுத்த ஆய்வாளர்கள் அதன் அளவு சுமார் 50,000 முதல் 60,000 வரை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். டல்லஸ் குழு வேறு வழியில் போனது. காம்பாக்டின் கலந்த திரவத்தில் வெள்ளெலியின் செல்களை வளர்த்தார்கள். மருந்து நொதியை மடக்க மடக்க, பிழைத்துக்கொண்ட செல்கள் அந்த நொதியை மேலும் மேலும் செய்து குவித்தன. கடைசியில் சாதாரண செல்லைவிட சுமார் 500 மடங்கு ரிடக்டேஸ். அதை வைத்து ஆன்டிபாடி செய்தார்கள்.

இப்போது செல்லை உடைத்த கையோடு, புரதங்களை வெட்டும் நொதிகளையும் அடக்கிவிட்டு, ஆன்டிபாடியை விட்டுப் பார்த்தால் ஒளிர்ந்தது 60,000-க்குப் பக்கத்தில் அல்ல. 97,000! இத்தனை நாள் உறையவைத்து, உருக்கி, பிரித்தெடுக்கும் வழியிலேயே செல்லின் வெட்டு நொதிகள் ரிடக்டேஸின் ஒரு பகுதியை அறுத்துத் தள்ளியிருந்தன. ஆய்வாளர்கள் கையில் இருந்தது வெறும் பின்பாதி. சவ்வுக்குள் புதைந்திருந்த மறுபாதி குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த மறுபாதிக்கு என்ன வேலை? 1985-ல் அந்தப் பகுதியை வேண்டுமென்றே நீக்கிய ரிடக்டேஸைச் செய்து பார்த்தார்கள். நொதி வேலை செய்தது. ஆனால், ‘கொலஸ்ட்ரால் போதும்’ என்ற சமிக்ஞை வந்தபோது வழக்கம்போல் சிதைந்து குறையவில்லை. ஆக, கட்டுப்பாட்டுக் கைப்பிடியே அந்தத் தூக்கிப்போட்ட துண்டில்தான் இருந்தது. கிடைத்ததை வைத்து ஆளின் முழு உயரத்தையும் எழுதிவிட்டால் இப்படித்தான்.

பேச்சிப்பாறைக்காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு புதிதல்ல. 1906-ல் கட்டி முடித்த அணையின் முழு மட்டம் 48 அடி. மழைக்காலத்தில் நீர்மட்டத்தை அளந்துகொண்டே இருப்பார்கள். எண் ஏறினால் மறுகால் மதகு திறக்கும். செல்லுக்குள்ளும் ஓர் அளவுகோல் உண்டு. எஸ்.ஆர்.இ.பி.பி. என்ற புரதம் அது. கொலஸ்ட்ரால் நிறைய இருந்தால் சவ்வோடு ஒட்டிப் பேசாமல் கிடக்கும். மட்டம் இறங்கினால் அதன் ஒரு துண்டு வெட்டுப்பட்டு, செல்லின் மையக்கருவுக்குள் போய், ‘உற்பத்தியைக் கூட்டு, வாசலில் ஏற்பியையும் கூட்டு’ என்று கட்டளை போடும். 1993-94-ல் இதே டல்லஸ் குழு கண்டது இது. ஆன்டிபாடி போட்டுப் பார்த்தபோது, கொலஸ்ட்ரால் நிறைந்த செல்லில் ஒரு பெரிய பட்டை. கொலஸ்ட்ரால் வறண்ட செல்லில் புதிதாக ஒரு சின்னப் பட்டை. அந்தச் சின்னப் பட்டைதான் கட்டளை போட ஓடிய துண்டு.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பது இங்கேதான் விளங்கும். ஸ்டாட்டின் கல்லீரலின் உற்பத்தியை மடக்குகிறது. கல்லீரலுக்குள் மட்டம் இறங்குகிறது. கட்டளை பறக்கிறது. வாசலில் ஏற்பிகள் கூடுகின்றன. அவை ரத்தத்தில் தேங்கிய எல்.டி.எல்.லை அள்ளி உள்ளே இழுக்கின்றன. ரத்தத்தில் எண் குறைய முக்கியக் காரணம் இந்த அள்ளுதல்தான்.

கருவியே மருந்தானது

ஸ்டாட்டினில் டாக்டர்களை உறுத்திய ஒரு விஷயம் இருந்தது. மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாகச் சுமார் 6 சதவீதம்தான் இறங்கும். பின்னால் இருந்து யாரோ காலை வாருகிறார்கள்.

அந்த ஆள் 2003-ல் மாட்டினார். கனடாவின் மான்ட்ரியலில் நபீல் செய்தா கண்டுபிடித்த ஒரு புரதத்தில்தான் தங்கள் நாட்டுச் சில கொலஸ்ட்ரால் குடும்பங்களின் பழுது இருக்கிறது என்று பாரிஸ் விஞ்ஞானிகள் கண்டார்கள். பெயர், பி.சி.எஸ்.கே.9. எல்.டி.எல். ஏற்பியைப் பிடித்து அழிவுக்கு அனுப்புவது இதன் வேலை. மேலே சொன்ன கட்டளை இதையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறது. ஒரு கையால் ஏற்பியைச் செய்து மறு கையால் அழித்தால் 6 சதவீதம்தானே மிஞ்சும்!

டல்லஸின் ஹெலன் ஹாப்ஸும் ஜோனாதன் கோஹனும் எதிர்ப்பக்கம் தேடினார்கள். இந்தப் புரதம் பிறப்பிலேயே குறைவாக உள்ளவர்கள் எப்படி இருக்கிறார்கள்? 2006-ல் வெளியான முடிவு பலரை நிமிர்ந்து உட்காரவைத்தது. இந்த மரபணு மாற்றம் இருந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். சராசரியாக 28 சதவீதம் குறைவு. 15 ஆண்டுக் கண்காணிப்பில் இதய ரத்தக்குழாய் நோய் ஆபத்து 88 சதவீதம் குறைவு. மருந்தே இல்லாமல்.

பி.சி.எஸ்.கே.9 ரத்தத்தில் மிதப்பது. செல்லுக்கு உள்ளே போக முடியாத ஆன்டிபாடிக்கு இதைவிட வசதி வேண்டுமா? ஆராய்ச்சிக்காகப் புரதத்தைத் தேடிப் பிடித்த அதே கை, இப்போது பிடித்து முடக்கும் மருந்தானது. 2015-ல் அலிரோகுமாப், எவோலோகுமாப் என்ற இரண்டு ஊசிகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 27,564 பேரை வைத்து நடந்து 2017-ல் வெளியான சோதனையில், ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் எல்.டி.எல். 92-ல் இருந்து 30-க்கு இறங்கியது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சேர்ந்த ஆபத்து 15 சதவீதம் குறைந்தது. எண் இறங்கிய அளவுக்கு ஆபத்து இறங்கவில்லையே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அந்தச் சோதனையில் சராசரி கண்காணிப்பு இரண்டு ஆண்டுகளைச் சற்றே தாண்டியது, பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு அது ஆயுள் முழுக்க நடக்கிறது. பால் வெட்டுகிறவரின் கூலிக்கு எட்டுகிற ஊசி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு எட்டுவது அந்தச் சின்ன மாத்திரைதான்.

ஆன்டிபாடி என்று பெயர் போட்டு வருவதெல்லாம் சொன்ன வேலையைச் செய்கிறது என்றும் நினைத்துவிடக் கூடாது. இன்று ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் இவற்றைக் கடையில் சரக்கு வாங்குவதுபோல் வாங்குகின்றன. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், 65 புரதங்களுக்காக விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளை வரிசையாகச் சோதித்தார்கள். அந்தப் புரதத்தை அறவே நீக்கிய செல்லிலும் ஒளிர்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. ஆள் இல்லாத வீட்டில் ‘இதோ இருக்கிறார்’ என்று சொன்னால் அது பொய்சாட்சி. அப்படிப்பட்ட பொய்சாட்சிகள் கணிசமாகச் சிக்கின. அவற்றை நம்பி ஏற்கெனவே வெளியான கட்டுரைகளும் இருந்தன.

டீக்கடைக்குத் திரும்பினால்...

கொலஸ்ட்ரால் மரபணுவில் ஒன்று மட்டும் பழுதானவர்கள் உலக அளவில் ஏறக்குறைய 250 முதல் 300 பேருக்கு ஒருவர். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. வலி இல்லை, மயக்கம் இல்லை. எல்.டி.எல். 190-க்கு மேல் இருப்பது, குதிகால் நரம்பில் தடிப்பு, குடும்பத்தில் சின்ன வயதிலேயே மாரடைப்பு என்று இருந்தால் டாக்டர் சந்தேகப்பட வேண்டும். தோட்டத்தில் தினமும் மரத்துக்கு மரம் நடக்கிறவர், ஒல்லியான ஆள், எண்ணெய் தொடாதவர் என்பதெல்லாம் இந்தப் பழுதுக்குப் பொருட்டே இல்லை. “பாட்டாவுக்கு ஒண்ணும் வரல்ல” என்ற வாதம் உதவாத இடம் இது. அப்பாவுக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மாரடைப்பு வந்துவிட்டால் பேச்சிப்பாறையில் இருந்து மலையிறங்கி, குலசேகரம் தாண்டி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். அணைக்கு அப்பால் உள்ள காணி மக்களின் குடியிருப்புகளில் சிலருக்கு முதலில் படகு ஏறியாக வேண்டும். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அதில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவற்றோடு இருக்கும் மூன்றாவது மாத்திரை, டீக்கடையில் தூரப் போடச் சொன்ன அதே அட்டோர்வாஸ்டாட்டின்.

சீட்டோடு திரும்பியவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒருமுறை லிப்பிட் புரொஃபைல் எடுப்பது நல்லது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் எழுதித் தந்த டாக்டரிடமே போய்ச் சொன்னால், அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாற்றுவார். காலையில் சிரட்டைப் பாலை எல்லாம் வாளியில் சேர்த்து, ஆசிட் விட்டு ஷீட்டுக்கு உறையப் போட்டுவிட்டுக் கிளம்பினாலும் குலசேகரத்துக்குப் பஸ் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு எல்லா லேப்பிலும் வெறும் வயிறு கேட்பதில்லை. போகும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.